ஒயின் தொட்டிகளின் எஃகைக் காக்கும் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? (விவாத இழை)

நொதிமனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறிய அளவில் ஒயின் தயாரிக்கும் எங்கள் கூடத்திற்கு, வேறோர் இடத்தில் சில பருவங்கள் பயன்பட்ட துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் வந்து சேர்ந்துள்ளன. மிதக்கும் மூடி கொண்டவை இரண்டு, மேற்புறம் அடைத்த உருளைத் தொட்டி ஒன்று. மூன்றும் 304 வகை எஃகு என்று உடன் வந்த தாள் கூறுகிறது. அடைத்த தொட்டியின் உட்புறத்தில், ஒயின் மட்டத்திற்கு மேலே காலியாக இருக்கும் பகுதியில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. மிதக்கும் மூடித் தொட்டிகளின் சுவரில் அவை இல்லை. ஆனால் அவற்றின் அடித்தளத்தில் வளைந்து செல்லும் கீறல்களும், அக்கீறல்களின் மேல் ஆங்காங்கே துருக்கறையும் உள்ளன.

அறுவடைக்கு முன் தூரிகை, தேய்ப்பான், சக்கை அள்ளும் கருவி, ஸ்பேனர், நீர் பீய்ச்சும் இயந்திரம் ஆகிய அனைத்தையும் புதிதாக வாங்க இருக்கிறோம். விற்பனைப் பட்டியல்களில் எல்லாமே எஃகுக்கு ஏற்றவை என்றே எழுதப்பட்டுள்ளன. எந்த அடிப்படையில் ஒன்றை ஏற்று மற்றொன்றை ஒதுக்குவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

உலோகன் எழுதியது:

வணக்கம். நீங்கள் சொல்லும் இரண்டு கறைகளும் இரண்டு வேறு காரணங்களால் வந்தவை என்று கருதுகிறேன். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கருவித் தேர்வு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதுதான். 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே கொண்ட ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும், இடம் தூய்மையாகவும் காற்றுப்படும்படியும் இருந்தால் அப்படலம் மீண்டும் உருவாகிவிடும். ஆகவே கீறல் மட்டுமே துருவுக்குக் காரணமாவதில்லை. கீறிய பொருள் தன் இரும்பை அங்கே விட்டுச் செல்வதும், குளோரைடு உப்புகள் படலத்தைத் துளைப்பதும், அழுக்கின் அடியிலோ இடுக்கிலோ ஆக்சிஜன் எட்டாமல் போவதும்தான் உண்மையான காரணங்கள்.

உங்கள் அடித்தளக் கீறல்களில் உள்ள கறை, சாதாரண இரும்பு ஷவலோ கம்பித் தூரிகையோ விட்டுச் சென்ற இரும்புத் துகள்கள் துருப்பிடித்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. தொடக்கத்தில் துருப்பிடிப்பது அந்த அயல் துகள்தானே தவிர உங்கள் தொட்டி அன்று. ஆனால் அதை அப்படியே விட்டுவைத்தால் அதன் அடியில் இடுக்கு அரிப்பு தொடங்கிவிடும். மேற்பகுதிப் புள்ளிகள் கந்தக டைஆக்சைடு வாயுவின் வேலை. அதைப் பற்றி வேதியியல் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்வார்கள்.

ஆகவே ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பவை மூன்று: எஃகைத் தொடும் பகுதி எஃகைவிட மென்மையானதா, அதிலிருந்து சாதாரண இரும்பு உதிர வழி உண்டா, ஈரமும் அழுக்கும் தங்கும் பொந்துகள் அதில் உண்டா. பாத்திரம் தேய்க்கும் எஃகு நார், சாதாரணக் கம்பித் தூரிகை, முனை தேய்ந்த இரும்புச் சுரண்டி ஆகியவை முதல் இரண்டிலேயே விழுந்துவிடுகின்றன. அவற்றை ஒயின் கூடத்திற்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சக்கைத்தொட்டி எழுதியது:

உலோகன் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பல அறுவடைகளாகத் தொட்டி கழுவும் வேலையைக் கவனித்து வருபவள் என்ற முறையில், தூரிகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எல்லாரும் ‘நைலான் தூரிகை’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள்.

நைலான் நீரை உறிஞ்சும் இழை. வெந்நீரில் சற்று நேரம் பயன்படுத்தினால் விறைப்பை இழந்து துவண்டுவிடும், வலுவான அமிலங்களும் அதற்கு ஆகா. பி.பி.டி. எனப்படும் பாலியெஸ்டர் வகை இழை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் வெந்நீரிலும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் தொடர்ந்து புழங்கினால் பாலியெஸ்டர் மெல்ல மெல்லச் சிதையும். பாலிபுரோப்பிலீன் இழை அமிலத்தையும் காரத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் வளைந்த இழை முழுமையாக நிமிர்வதில்லை என்பதால் விரைவில் படுத்துவிடும். எனவே காரக் கரைசலோடு பாலிபுரோப்பிலீன், வெறும் வெந்நீர் வேலைகளுக்கு பி.பி.டி. என்று இரண்டு தூரிகைகள் வைத்துக்கொள்வது நல்லது. இவற்றில் எதுவும் எஃகைக் கீறாது.

இழையைவிட முக்கியமானது, இழை எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பது. பல தூரிகைகளில் இழைக்கற்றையைச் சிறு கம்பித் துண்டுகள் கட்டைக்குள் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கம்பி சாதாரண எஃகாக இருந்தால் அது துருப்பிடித்து, துருநீர் இழை வழியாகவே தொட்டிக்கு வரும். வாங்கும் முன் இழைகளை விலக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். கம்பியே இல்லாமல் பிசினில் பதித்தவையோ, இழையும் கட்டையும் உருகி இணைந்தவையோ கிடைக்கின்றன, அவையே சிறந்தவை. மரக்கட்டை வேண்டாம், அது ஈரத்தையும் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இழையின் நிறம் நீலமாக இருந்தால் உதிர்ந்த இழை சக்கையிலும் சாற்றிலும் உடனே கண்ணுக்குத் தெரியும்.

நீண்ட பிடிகளில் அலுமினியக் குழாயைவிடக் கண்ணாடி இழைப் பிடி நல்லது. அலுமினியம் தொட்டியின் விளிம்பில் உரசிக் கருங்கோடு இழுக்கும், காஸ்டிக் சோடா பட்டால் அரித்துக் கரையும். பிடி போதிய நீளமாக இருப்பதற்கு எஃகைத் தாண்டிய ஒரு காரணமும் உண்டு. நொதித்தல் முடிந்த தொட்டியில் கார்பன் டைஆக்சைடு தங்கியிருக்கும். அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் அடியிலேயே தேங்கி, உள்ளே இறங்குபவரின் உயிரைப் பறித்துவிடும். ஆள் உள்ளே இறங்காமல் வெளியிலிருந்தே கழுவ முடிகிற கருவியை எப்போதும் முதலில் தேடுங்கள்.

சக்கை அள்ளுவதற்கு ஒரே வார்ப்பாகச் செய்த பாலிபுரோப்பிலீன் ஷவல் போதும். துத்தநாகம் பூசிய இரும்புக் கருவிகளை வேண்டாம் என்பேன். ஒயினின் பி.எச். பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கிறது, அந்த அமிலத்தில் துத்தநாகம் கரைந்துவிடும்.

பற்றவைப்பர் எழுதியது:

ஒரு சிறு மறுப்பு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் செய்த தூரிகையை ஒட்டுமொத்தமாக விலக்குவது சரியன்று. பற்றவைத்த தையலின் மேல் படியும் ஆக்சைடு கருமையை எடுக்க அதைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். நைலான் இழையால் அதை அசைக்கக்கூட முடியாது. அந்தத் தூரிகை இதற்கு முன் சாதாரண இரும்பைத் தொட்டிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஒரே ஒரு முறை இரும்பு வாயிற்கதவைத் தேய்த்துவிட்டு அதையே தொட்டியில் பயன்படுத்தினாலும், தூரிகை முழுவதும் இரும்புத் துகளைச் சுமந்து வரும். கிரைண்டர் வட்டுகளுக்கும் இதே விதிதான். இரும்பும் கந்தகமும் குளோரினும் சேராதவை என்று பொறிக்கப்பட்ட வட்டுகளைத் தனியே வாங்கி, தனியே வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

உலோகன் எழுதியது:

பற்றவைப்பர் சொல்வது பழுதுபார்க்கும் பணிக்குப் பொருந்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் நொதிமனை கேட்பது அன்றாடச் சுத்தத்திற்கான கருவி. அங்கே எந்த உலோகத் தூரிகைக்கும் இடமில்லை என்பதற்கு இரும்புத் துகள் மட்டும் காரணமன்று. உணவைத் தொடும் எஃகின் மேற்பரப்புச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆலையில் உருட்டி வந்த 2பி எனப்படும் சாதாரண மேற்பரப்பு இயல்பாகவே 0.1 முதல் 0.5 வரை இருக்கும். அதைக் கம்பியால் தேய்க்கத் தொடங்கினால் அந்த நன்மையை நாமே அழித்துவிடுகிறோம். கீறலின் பள்ளத்தில், ஒயினிலிருந்து படியும் உப்பான டார்ட்டரேட் படிகம் முதலில் வேர்கொள்ளும். படிகத்தின் மேல் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படலமாகப் படியும். அந்தப் படலத்திற்குள் கிருமிநீக்கி எட்டாது. பிரெட்டனோமைசிஸ் போன்ற கெடுதல் ஈஸ்ட் ஒரு தொட்டியில் ஆண்டுக்காண்டு திரும்ப வருவதற்கு இத்தகைய பள்ளங்களும் ஒரு காரணம்.

தேய்ப்பான் பட்டைகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பச்சை நிறப் பட்டைகள் பெரும்பாலானவற்றில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினத் துகள்கள் ஒட்டப்பட்டிருக்கும். அது எஃகைவிட மிகக் கடினமானது. வெள்ளை நிறத்தில் வரும் மென்பட்டைகளே தொட்டியின் உட்புறத்திற்கு உரியவை. அவற்றையும் சுவரில் மெருகு ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

வேதிக்கூடம் எழுதியது:

அனைவரும் தேய்ப்பதைப் பற்றியே பேசுகிறோம். என் பார்வையில், தேய்க்க வேண்டிய தேவையையே குறைப்பதுதான் எஃகைக் காக்கும் முதல் வழி. தொட்டியில் படியும் கடினப் படிவு பெரும்பாலும் பொட்டாசியம் பைடார்ட்டரேட். குளிர்ந்த நீரில் அதைச் சுரண்டி எடுக்க முயல்பவர்கள்தான் உலோகக் கருவியைத் தேடுகிறார்கள். அது 20 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராமே கரையும், கொதிநீரிலோ 60 கிராம் அளவுக்குக் கரையும். காரம் சேர்ந்தால் அது இன்னும் எளிதில் கரையும் உப்பாக மாறிவிடுகிறது. எனவே முதலில் சாதாரண நீரால் அலசி, பிறகு 60 முதல் 70 பாகை வெப்பத்தில் 1 அல்லது 2 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சுழலவிட்டால், கல்போல் இறுகிய படிவும் தூரிகை படாமலே கழன்றுவிடும். அந்தச் செறிவில் 304 எஃகுக்குத் தீங்கு எதுவும் இல்லை. படிவு மெல்லியதாக இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் போதும். நீரில் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிந்து, நிறக்கறையையும் சேர்த்து நீக்கும். கார முறைக்குப் பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலால் அலசிச் சமன்செய்து, இறுதியில் நல்ல நீரால் கழுவ வேண்டும்.

காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துவோர் கண்ணாடியும் நீண்ட கையுறையும் அணியாமல் தொடக் கூடாது. சோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் ஓர் ஆபத்தும் உண்டு. நொதித்தல் முடிந்து கார்பன் டைஆக்சைடு நிறைந்திருக்கும் தொட்டியை மூடிய நிலையில் காஸ்டிக் கரைசலைத் தெளித்தால், காரம் அந்த வாயுவை வேகமாக உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, மெல்லிய சுவருடைய தொட்டி உள்நோக்கி நசுங்கிவிடும். வெந்நீரால் கழுவிய சூட்டோடு மூடிவைத்துக் குளிர்நீர் தெளித்தாலும் இதே நிலைதான். நுழைவாயிலையும் காற்றுப்போக்கியையும் திறந்து வைத்து, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றிய பிறகே தொடங்குங்கள். தொட்டியைக் காக்கும் கருவிகளில் நன்றாக இயங்கும் காற்றுப்போக்கி வால்வை நான் முதலிடத்தில் வைப்பேன்.

பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். அதன் ஹைப்போகுளோரைட்டும் அதிலிருந்து விளையும் குளோரைடும் எஃகில் குழி அரிப்பை உண்டாக்கும். மேலும், குளோரினும் மரம், தக்கை போன்றவற்றின் பீனால்களும் சேர்ந்து உருவாகும் சேர்மங்களைப் பூஞ்சைகள் டி.சி.ஏ. என்னும் நாற்றப் பொருளாக மாற்றிவிடும். அந்த ஈரப்பூஞ்சை மணம் கூடத்திற்குள் ஒரு முறை புகுந்தால் வெளியேற்றுவது மிகக் கடினம். ஓடு கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், அவற்றையும் தரை கழுவக்கூட உள்ளே அனுமதிக்காதீர்கள். கழுவும் நீரின் குளோரைடு அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள். சாதாரண வெப்பநிலையில் 304 வகைக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம், 316 வகைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் என்பது நடைமுறையில் கொள்ளப்படும் எல்லை.

உங்கள் மேற்பகுதிப் புள்ளிகளுக்கு வருகிறேன். ஒயினில் சேர்க்கும் கந்தக டைஆக்சைடில் வாயுவாக எழக்கூடிய பங்கு, பி.எச். 3.0 என்றால் ஏறத்தாழ 6 விழுக்காடு, 3.5 என்றால் 2 விழுக்காடு. அது ஒயினுக்கு மேலே காலியாக உள்ள இடத்தில் சேர்ந்து, சுவரில் வியர்க்கும் நீர்த்துளியில் கரைந்து, ஒயினைவிடக் கடுமையான அமிலத் துளியாகிறது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட 316 வகை அதை நன்கு தாங்கும். அதனால்தான் தரமான தொட்டிகளில் மேல்வளையத்தையும் மூடியையும் 316-இல் செய்கிறார்கள். 304 தொட்டியை நிரம்ப நிரப்பி வைப்பதும், கந்தக டைஆக்சைடை வெளிவிடும் மெட்டாபைசல்பைட் கரைசலைக் காலித் தொட்டியில் ஊற்றி மூடி நாள்கணக்கில் விட்டுவைக்காமல் இருப்பதும்தான் அதற்கு மருந்து. எந்தத் தூரிகையும் இதற்கு உதவாது.

நொதிமனை எழுதியது:

மேற்புள்ளிகளும் அடிக்கறைகளும் வேறு வேறு நோய்கள் என்பது இப்போது தெளிவாகிறது. அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். உயர் அழுத்த நீர் இயந்திரம் வாங்குவதா, தொட்டிக்குள் தொங்கவிடும் தெளிப்புப் பந்து வாங்குவதா? ஏற்கெனவே ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களை எப்படி நீக்குவது, நீங்கிவிட்டதை எப்படி உறுதிசெய்வது?

சக்கைத்தொட்டி எழுதியது:

உயர் அழுத்த நீர் எஃகுக்குக் கேடு செய்வதில்லை. கேடு கேஸ்கெட்டுகளுக்கும், மிதக்கும் மூடியின் விளிம்பைச் சுவரோடு அடைக்கும் காற்றுக்குழல் வளையத்திற்கும்தான். ஒற்றை ஊசிபோல் பாயும் முனையை ஒதுக்கிவிட்டு, 25 அல்லது 40 பாகை விரியும் விசிறி முனையைத் தேர்ந்தெடுங்கள். முனையைச் சுற்றி ரப்பர் உறை இருக்கட்டும், ஏனெனில் நீளக் குழலின் பித்தளை முனை தொட்டி வாயில் இடித்துப் பள்ளம் விழுந்த காட்சிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழுத்தமான நீர் அழுக்கை நுண்துளிகளாக அடுத்த தொட்டியின் மேலும் தெறிக்கச் செய்யும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடைத்த தொட்டிக்குத் தெளிப்புப் பந்தே என் பரிந்துரை. அதற்கு அழுத்தத்தைவிட நீரின் அளவுதான் முக்கியம். நிலையான பந்தாக இருந்தால், தொட்டிச் சுற்றளவின் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 லிட்டர் பாய வேண்டும் என்பது பயன்பாட்டிலுள்ள கணக்கு. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டிக்கு அது நிமிடத்திற்கு 95 லிட்டருக்கு அருகில் வரும். உங்கள் பம்ப் அவ்வளவு தராது என்றால் சுவரில் வறண்ட பட்டைகள் விழும், அங்கே படிவு அப்படியே நிற்கும். அந்நிலையில் குறைந்த நீரில் இயங்கும் சுழலும் தலையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எதுவானாலும் அது 316 எஃகில் இருக்க வேண்டும், வடிகட்டி ஒன்றை முன்னால் இணைக்க வேண்டும். துளைகளில் விதை அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் கழுவப்படவே இல்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

உலோகன் எழுதியது:

இரும்புத் துகளை நீக்கச் சிட்ரிக் அமிலமே போதும். ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற தரக்குறிப்பு, 4 முதல் 10 விழுக்காட்டுச் சிட்ரிக் அமிலக் கரைசலில், 21 முதல் 49 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 20 நிமிடம் வைத்திருக்கும் ஒரு முறையை ஏற்கிறது. அமிலம் இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், குரோமியத்தை விட்டுவிடும். பிறகு நன்றாகக் கழுவிக் காற்றில் உலரவிட்டால் படலம் மீண்டும் உருவாகிவிடும். அதற்கு முன் மேற்பரப்பில் கொழுப்போ டார்ட்டரேட்டோ இருக்கக் கூடாது, இருந்தால் அமிலம் எஃகை எட்டாது. ஆகவே வேதிக்கூடம் சொன்ன கார முறையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். நைட்ரிக் அமிலத்தாலும் இதைச் செய்யலாம் என்றாலும், அதன் புகையும் கழிவும் சிறிய கூடத்தால் கையாளத் தக்கவை அல்ல.

உறுதிசெய்வதற்கு எளிய வழி, தூய நீரால் நனைத்து, உலரவிட்டு, மீண்டும் நனைப்பது. ஒரு முழுநாள் இப்படிச் செய்தால், எஞ்சிய இரும்பு எங்கே இருந்தாலும் செம்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். செப்பு சல்பேட்டைத் தடவிப் பார்க்கும் சோதனையைப் பலர் பரிந்துரைப்பார்கள். உணவைத் தொடும் பரப்பில் அதைச் செய்யாதீர்கள்.

குழாய்மணி எழுதியது:

யாரும் இன்னும் ஸ்பேனர் பற்றிப் பேசவில்லை. தொட்டியைவிட அதன் இணைப்புகளும் வால்வுகளும்தான் கருவிகளால் அதிகம் அடிபடுகின்றன. டி.ஐ.என். 11851 என்ற ஜெர்மன் தரக்குறிப்புப்படி அமைந்த குழாய் இணைப்பில் உள்ள வெட்டு விளிம்பு நட்டைச் சுத்தியலால் தட்டித் திறக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. விளிம்பு மழுங்கி, அதிலிருந்து பிசிறுகள் கிளம்பி, கையையும் குழாயையும் கிழிக்கும். அந்த அளவுக்கே உரிய கொக்கி ஸ்பேனரைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். தட்டியே ஆக வேண்டிய இடத்தில் நைலான் தலைச் சுத்தியல் பயன்படட்டும். பற்கள் உள்ள குழாய்ப் பிடிப்பானை மெருகிட்ட குழாயில் போடவே கூடாது, ஒவ்வொரு பல்லும் ஒரு பள்ளத்தையும் ஒரு துளி இரும்பையும் விட்டுச் செல்லும். பட்டையால் இறுகும் பிடிப்பான் இருக்கிறது, அது போதும்.

துருப்பிடிக்காத எஃகுத் திருகுமரைகள் ஒன்றோடொன்று அழுத்தத்தில் உரசும்போது படலம் கிழிந்து, உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையைத் துடைத்து, என்.எஸ்.எஃப். எச்1 பதிவு பெற்ற உணவுத்தர மசகை மெல்லத் தடவி, கையால் திருப்பி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். மசகு கேஸ்கெட்டிற்கும் ஏற்றதா என்று பார்க்க வேண்டும். இ.பி.டி.எம். ரப்பர் காரத்தையும், கிருமிநீக்கியான பெரசெட்டிக் அமிலத்தையும் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். சிலிகோன் கேஸ்கெட்டிற்குச் சிலிகோன் மசகு ஆகாது.

பித்தளை வால்வையும் செப்பு இணைப்பையும் இடையில் நுழைக்காதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகும். அதோடு செம்பு ஒயினிலும் கரையும். பன்னாட்டுத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பான ஓ.ஐ.வி. சாதாரண ஒயினுக்கு வகுத்த செம்பின் எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். இரும்பும் அப்படியே: மிகுதியாகக் கரைந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளை ஒயினைக் கலங்கச் செய்யும்.

திராட்சைப்பந்தல் எழுதியது:

காந்தத்தை வைத்துப் பார்த்துக் கருவி வாங்கலாமா? ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள்.

உலோகன் எழுதியது:

அது பாதி உண்மைதான். காந்தம் வலுவாக ஒட்டினால் அது 304-ஓ 316-ஓ ஆக இருக்க வாய்ப்பில்லை, 430 போன்ற வகையாகவோ சாதாரண இரும்பாகவோ இருக்கலாம். ஆனால் ஒட்டாததால் மட்டும் அது 304 ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அரிப்பைத் தாங்கும் திறன் அதற்குக் குறைவு. மறுபக்கம், 304 தகடே குளிர்நிலையில் வளைக்கப்பட்ட இடத்தில் சற்றுக் காந்தத் தன்மை பெறும். ஆகவே கரண்டி, துழாவுகோல், தொப்பி (நொதிக்கும்போது மேலே மிதந்து திரளும் தோல் அடுக்கு) அழுத்தும் தட்டு ஆகியவற்றை வாங்கும்போது எஃகின் வகை எழுத்தில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நொதிக்கும் திராட்சைத் தோலை அழுத்தும் தட்டின் விளிம்பு உருட்டி மழுக்கப்பட்டிருக்க வேண்டும். நாளுக்குப் பல முறை சுவரில் உரசும் கருவி அதுதான்.

நொதிமனை எழுதியது:

அடித்தளத்தில் ஒரு சிறு பகுதியைக் காரத்தாலும் பிறகு சிட்ரிக் அமிலத்தாலும் கழுவி, நனைத்து உலர்த்தும் சோதனையையும் செய்து பார்த்தோம். துருக்கறை திரும்பவில்லை, கீறல்கள் மட்டும் இருக்கின்றன. அடைத்த தொட்டியின் மேற்பகுதியில் கறை நீங்கிய பிறகு, சில புள்ளிகளில் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருப்பது தெரிந்தது. இவற்றை எங்கள் கையாலேயே மெருகிட முடியுமா? கருவிகளை எப்படிச் சேமித்து வைப்பது என்றும் சொல்லுங்கள்.

பற்றவைப்பர் எழுதியது:

நகம் மாட்டும் குழியைக் கையால் தேய்த்துச் சமன்செய்ய முயல வேண்டாம். சுற்றியுள்ள நல்ல எஃகைத்தான் சொரசொரப்பாக்குவீர்கள், குழியின் அடி அப்படியே இருக்கும். குழியின் ஆழத்தையும் தகட்டின் தடிமனையும் அளந்து பார்த்து, மேலோட்டமானவற்றைப் படிப்படியாக நுண்ணிய பட்டைகளால் இயந்திரத்தில் மெருகிடலாம். ஆழமானவற்றை ஆர்கான் வாயுப் பாதுகாப்போடு நிரப்பிப் பற்றவைத்து, கருமையை நீக்கி, மெருகிட்டு, மீண்டும் சிட்ரிக் அமிலத்தால் கழுவ வேண்டும். இதை உணவுத்துறைத் தொட்டிகளில் பழகிய கைதான் செய்ய வேண்டும். அதுவரை அந்தத் தொட்டியை நொதித்தலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், கந்தக டைஆக்சைடு சேர்த்த ஒயினை அதில் நீண்ட நாள் வைக்காதீர்கள்.

சக்கைத்தொட்டி எழுதியது:

சேமிப்பு பற்றி: தூரிகைகளை இழை கீழ்நோக்கி இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல், காற்றோட்டமான சுவரில் தொங்கவிடுங்கள். ஈரத் தூரிகையையோ பட்டையையோ தொட்டியின் அடியில் வைத்துவிட்டு மூடிச் செல்லும் பழக்கம் யாருக்கும் வரக் கூடாது, அதன் அடியில் காற்றுப்படாத ஈரம் தங்கி இடுக்கு அரிப்புக்கு வழிவகுக்கும். தொட்டிக்கு உள்ளே செல்லும் கருவிகளுக்கு ஒரு நிறம், தரைக்கும் வெளிப்புறத்திற்கும் வேறு நிறம் என்று பிரித்து, இரண்டு சுவர்களில் மாட்டுங்கள். இரும்பு வேலை செய்யும் கருவிகளை இந்த அறைக்குள்ளேயே வைக்காதீர்கள். வெளியே யாராவது இரும்பை அறுத்தால் அந்தத் தூள் காற்றில் வந்து ஈரத் தொட்டிகளின் மேல் படியும் என்பதால், அறுக்கும் வேலைக்கு முன் கதவைச் சாத்தி, தொட்டிகளின் வாயை மூடிவிடுங்கள். தொட்டியில் ஒட்டும் அடையாளத் தாள்களையும் பருவத்திற்கு ஒரு முறை உரித்து, பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், சுரண்டியால் எடுக்க வேண்டாம்.

நொதிமனை எழுதியது:

நன்றி அம்மா. அடைத்த தொட்டியைப் பற்றவைப்பர் சொன்னபடி இந்தப் பருவம் நொதித்தலுக்கு மட்டும் ஒதுக்குகிறோம். கருவிப் பட்டியலில் இரண்டு வகைத் தூரிகை, வெள்ளைப் பட்டை, பாலிபுரோப்பிலீன் ஷவல், கொக்கி ஸ்பேனர், சுழலும் தெளிப்புத் தலை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டோம். பழைய கம்பித் தூரிகைகளையும் பச்சைப் பட்டைகளையும் கூடத்திலிருந்து அகற்றியாயிற்று. கழுவும் நீரின் குளோரைடு சோதனை முடிவு வந்ததும், அதை வைத்து அலசும் முறையைப் பற்றி வேதிக்கூடத்திடம் மேலும் கேட்க வேண்டியிருக்கும்.